வடித்த பச்சை

சனிக்கிழமை, காலை ஆறே முக்கால்.
யீஷூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்திலேயே
டயாலிசிஸ் நிலையம்.
பூங்குழலியின் இடது கையில்
இரண்டு ஊசியும் ஏறும்வரை நிற்பேன்.
பிறகு தாதி ரோஹானா
இன்னும் ஏன் நிற்கிறாய் என்பதுபோல்
புருவத்தை உயர்த்துவார்.
எனக்கு நான்கு மணி நேரம்.

டாக்சியின் பச்சை விளக்கை அணைத்துவிட்டு
கிராஞ்சிப் பக்கம் ஓட்டுகிறேன்.
வழியில் ஒருவர் கை காட்டினார். நிறுத்தவில்லை.
வாரமெல்லாம் யாரையோ எங்கேயோ இறக்கிவிடுகிறேன்.
இந்த ஓர் ஓட்டத்துக்கு மீட்டர் கிடையாது.

சந்தை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம்.
பன்னிரண்டு மேசை, நாலு கூடாரம்,
நேற்றைய மழை தேங்கிய சரளை.
தேன் விற்கும் ஒருவர், தவளை விற்கும் ஒருவர்,
நாய்க்குட்டியோடு வந்து
ஆறு வெள்ளித் துளசிக் கட்டைப்
படமெடுத்துக்கொண்டிருக்கும் தம்பதி.

கடைசி மேசை சியூ பெங்கினுடையது.
கணக்காளர் வேலையை விட்டுவிட்டு வந்தவளாம்.
நகக்கண்ணில் மண்.
அவள் பாயாம் என்கிறாள்,
நான் தண்டுக்கீரை என்கிறேன்.
பேரம் ஆங்கிலத்தில், நன்றி மலாயில்,
எண்ணிக்கை விரலில்.

வேரோடு பிடுங்கிய கட்டு.
கீழே மண், மேலே ஈரம், நடுவே ரப்பர் பேண்ட்.
ஓர் இலையில் புழு அரித்த ஓட்டை.
சாரி, என்று கிள்ளப் போனாள்.
இருக்கட்டும் என்றேன்.
நமக்கு முன்னால் ஒருவர் ருசி பார்த்திருக்கிறார்,
தைரியமாகச் சாப்பிடலாம்.

இரும்புச்சத்து நிறைந்தது, பொட்டாசியம் நிறைந்தது
என்று அட்டையில் பெருமையாக எழுதி வைத்திருக்கிறாள்.
அந்த இரண்டாவது பெயரை
எங்கள் குளிர்பெட்டிக் கதவில்
சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறோம்
என்று அவளிடம் சொல்லவில்லை.
இரண்டு கட்டு வாங்கினேன்.

பதினோராவது மாடி.
நறுக்கு. ஊறவை. நிறையத் தண்ணீரில் கொதிக்கவிடு.
தண்ணீரைக் கொட்டு.
உணவியல் நிபுணர் தந்த தாளில்
அந்தக் கடைசி வரிக்கு அடிக்கோடு.
கீரை வெந்த தண்ணீரைக் கொட்டலாகாது
என்று கேட்டே வளர்ந்த கை இது.
முதல் மாதம் நடுங்கியது.
இப்போது சாய்க்கிறது.

வடிதட்டின் அடியில் பச்சை இறங்குகிறது.
கீழே இயந்திரமும் மேலே நானும்
இந்நேரம் ஒரே வேலையில் இருக்கிறோம்:
உள்ளிருப்பதை எல்லாம் எடுத்துக்கொண்டு
ஆளை மட்டும் திருப்பித் தருவது.

கடுகு. தட்டிய பூண்டு, ஆறு பல்,
தாளில் இல்லாவிட்டாலும் ஆறு.
ஒரு வற்றல். அரை எலுமிச்சை.
உப்பு டப்பா மேல் அலமாரியில்,
அவளுக்கு எட்டாத உயரத்தில்.

பதினொன்றரைக்குச் சாப்பிட உட்கார்ந்தாள்.
கையில் பஞ்சும் பிளாஸ்திரியும்.
உப்பு போட்டியா?
போட்டேன்.
பொய்.
ஆமா.
மறுபடி போட்டுக்கொண்டாள்.
ஓட்டை இலை அவள் தட்டில்தான் இருந்தது,
கவனிக்கவில்லை.

அந்தத் தண்ணிய என்ன பண்ணின?
தொட்டியைக் கைகாட்டினேன்.
அவள் தொட்டியைப் பார்க்கவில்லை,
அதன் விளிம்பில் இருந்த
எவர்சில்வர் தம்ளரைப் பார்த்தாள்.
பாதி குடித்திருந்தேன்.

மிளகு?
கொஞ்சம்.
உப்பு?

நான் வாயைத் திறக்கவில்லை.
அதுக்கு மட்டும் போட்டியாக்கும், என்று
சிரித்தாள், புரையேறும் அளவுக்கு.
புரைக்கும் தண்ணீர்
கோடு போட்ட குவளையில்தான் தர வேண்டும்.
கோடு வரை ஊற்றினேன், இரண்டு மிடறு குறைய.

பிறகு தம்ளரை வாங்கி
மூக்கருகே வைத்துக்கொண்டு
கண்ணை மூடினாள்.
ஆவி அடங்கும்வரை தரவில்லை.
மூக்குக்கு டாக்டர் அளவு சொல்லலியே, என்றாள்.

மதியம் இரண்டு மணிக்கு
உட்லண்ட்ஸ் போக ஏறிய முதல் பயணி
பின்னிருக்கையில் மண் என்று குறைப்பட்டார்.
மன்னிப்புக் கேட்டேன்.
இருக்கையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.
தரையில் விழுந்ததை
ராத்திரிவரை துடைக்கவில்லை.